கட்டையைப் பார்த்துத் தோல் மாற்றுங்கள்

பழைய பியானோ வைத்திருக்கும் சேகரக் குழுக்களுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் பக்கமாகவோ, உங்கள் பள்ளிக் கூட்ட அரங்கின் மேடை ஓரத்திலோ, துணி போர்த்திய பழைய பியானோ ஒன்று நிற்கிறது. மிஷனரி ஒருவர் விட்டுச் சென்றதாக இருக்கலாம். ஒரு குடும்பம் யாருடைய நினைவாகவோ கொடுத்ததாகவும் இருக்கலாம். சென்னை அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் 1842இலும், பம்பாயின் ஃபர்ட்டாடோஸ் 1865இலும் தொடங்கிய இசைக்கருவிக் கடைகள். ஆகவே பியானோ நம் ஊருக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தப் பியானோ கூட்டத்தில் பேச்சுக்கு வருகிறது. பாலிஷ் போட்டுச் சுருதி சேர்த்தால் போதும் என்கிறார் ஒருவர். இடத்தை அடைக்கிறது, தள்ளிவிட்டு நல்ல கீபோர்டு வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். இது ஜெர்மன் பியானோ, எவ்வளவு செலவானாலும் புதுப்பித்தே ஆக வேண்டும் என்கிறார் மூன்றாமவர். மூவரும் அநேகமாக அதன் உள்ளே பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை இந்தப் பேச்சு எழும் முன் நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். தோல் தளர்ந்தால் மாற்றுகிறோம், வாரைப் புதிதாகப் பிடிக்கிறோம். பலாமரக் கட்டை அப்படியே இருக்கிறது. நல்ல கட்டை ஒன்று எத்தனையோ தோல்களைக் கண்டுவிடும். கட்டையே வெடித்துவிட்டால் அதற்குப் புதுத் தோல் போட்டுக் காசைக் கரைப்பவர் யாரும் இல்லை. வீணையிலும் இதே கதைதான்: மெழுகு தேய்ந்து சுரம் பிசகினால் மறுபடி மேளம் கட்டுகிறோம், அதை யாரும் வீணையைப் புதுப்பித்ததாகச் சொல்வதில்லை. பியானோவையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். தந்திகள், தந்தியைத் தட்டும் ஹேமர்களின் ஃபெல்ட், நாதத்தை அடக்கும் டாம்பர்கள், கீகளுக்கு அடியில் கிடக்கும் கம்பளித் துணி, சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள், தோல் துண்டுகள் எல்லாம் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. அவை பியானோவின் தோல். வார்ப்பிரும்புச் சட்டம், பின் பிளாக், சவுண்ட்போர்டு, அதன் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஆகிய நான்கும் கட்டை. கட்டை உறுதியாக இருந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அந்தப் பியானோவுக்குச் செலவு செய்யத் தகும். கட்டை போயிருந்தால், கண்ணாடிபோல் பளபளத்தாலும் அதைக் கச்சேரிக்கோ வகுப்புக்கோ தயார்செய்கிறேன் என்று பொதுப்பணத்தை இறக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பியானோ சுமக்கும் பாரம் வேறு எந்த இசைக்கருவியும் சுமக்காதது. 88 கீகளுக்குச் சுமார் 230 தந்திகள். எல்லாவற்றின் இழுவிசையையும் கூட்டினால் ஏறக்குறைய 18 டன் வருகிறது. மரச்சட்டம் இந்தப் பாரத்துக்குத் தாங்காது என்பதால்தான் 1825இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை பெற்றார். ஆனால் இரும்புச் சட்டம் வந்த பிறகும் சுருதியைப் பிடித்து வைத்திருப்பது மரம்தான். வீணையின் பிருடையைப் போல ஒவ்வொரு தந்திக்கும் ஓர் இரும்பு முளை உண்டு. டியூனிங் பின் என்பது அதுதான். அது செருகப்பட்டிருக்கும் பல அடுக்குக் கெட்டிமரமே பின் பிளாக். தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது. மரத்துளைக்கும் முளைக்கும் இடையிலான உராய்வு ஒன்றே எழுபது எண்பது கிலோ இழுவையை இரவும் பகலும் பிடித்து நிற்கிறது. பத்துப் பதினைந்து முளைகள் மட்டும் தளர்ந்திருந்தால் சற்றே பருத்த முளைகளைப் போட்டுச் சமாளிக்கலாம். பின் பிளாக்கே அடுக்கு விட்டுப் பிரிந்திருந்தால் எந்த டியூனர் வந்து சேர்த்தாலும் சுருதி சில நாளில் இறங்கிவிடும். கிராண்ட் பியானோவில் புது பின் பிளாக் பொருத்துகிறார்கள். அதைச் செய்வதற்கான பட்டறைகள் உலகில் உண்டு. சாதாரண அப்ரைட் பியானோவில் அந்த வேலைக்கு ஆகும் செலவு கருவியின் மதிப்பைத் தாண்டிவிடும். நம் ஊர் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் நிற்பவை பெரும்பாலும் அப்ரைட்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சவுண்ட்போர்டைப் பற்றி எதிர்த்திசையில் ஒரு பயம் இருக்கிறது. அது ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மெல்லிய பெரிய பலகை. பின்பக்கம் விலா எலும்புபோல் சட்டங்கள் ஓடும். அதில் ஒரு கீறலைக் கண்டவுடனே பியானோ முடிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். கீறல் மட்டும் மரண ஓலை அல்ல. பின்சட்டங்கள் பலகையோடு ஒட்டியிருந்து, வாசிக்கும்போது அதிர்வுச் சத்தம் கேட்காவிட்டால், கீறலோடு அது இன்னும் பல ஆண்டு பாடும். கவலைக்குரியது பிரிட்ஜில் விழும் வெடிப்பு. அங்கே தந்தியைப் பிடிக்கும் சிறு ஊசிகள் ஆடத் தொடங்கினால் ஒவ்வொரு சுரமும் இரண்டாகப் பிளந்து அலையும். இரும்புச் சட்டத்தில் விரிசல் என்றால் பேச்சு முடிந்தது. வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது கடினம், அதன் மேல் 18 டன்னை மறுபடி ஏற்றுவது ஆபத்து.

சுருதி விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பல ஆண்டு சேர்க்காமல் விட்ட பியானோ சாதாரணமாகச் சுருதியில் அரைக் கட்டை இறங்கியிருக்கும். இன்று உலகின் பெரும்பகுதியில் ஏ சுரம் வினாடிக்கு 440 அதிர்வு என்ற அளவில் இருக்கிறது. 1955இல் அது சர்வதேசத் தர அளவாகப் பதிவானது. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அரைக் கட்டை ஏற்றினால் இழுவிசை ஏறக்குறைய 12 விழுக்காடு உயரும். அதாவது, 16 டன்னில் ஓய்ந்து கிடக்கும் வயதான கருவி மேல் ஒரே பிற்பகலில் இரண்டு டன்னைக் கூடுதலாக ஏற்றுகிறோம். துருப்பிடித்த தந்திகள் அறுவதில் வியப்பென்ன? நல்ல டெக்னீஷியன் இதைப் பல தவணைகளில், இடைவெளி விட்டு ஏற்றுவார். சில கருவிகளை ஏற்றாமலேயே விடுவதுதான் நியாயம். கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் தனியாகத் துணை வாசிக்கும் பியானோ அரைக் கட்டை கீழே நின்றால் என்ன குறை? பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி வைத்துப் பாடும் மரபு நம்முடையது. கிட்டாரும் கீபோர்டும் கூட வாசிக்கும்போதுதான், அல்லது மாணவர்கள் தேர்வுக்குப் பயிற்சி செய்யும்போதுதான் 440 கட்டாயமாகிறது.

இனி, நம் காற்று. ஈரப்பதம் 40இலிருந்து 50 விழுக்காட்டுக்குள், அதிகம் ஏறி இறங்காமல் இருப்பதே பியானோவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் எழுபதைத் தாண்டுவது அன்றாடம். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். மரம் உப்புகிறது, கீகள் இறுகுகின்றன, உப்புக்காற்றில் தந்தி துருவேறுகிறது, மூட்டுகளைப் பிடித்திருக்கும் வச்சிரப் பசை இளகுகிறது. ஃபெல்ட்டை அந்துப்பூச்சியும், அடிப்பலகையைக் கரையானும், கீகளின் அடியை எலியும் பார்த்துக்கொள்கின்றன. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் இதை அறிந்தே வெப்பநாடுகளுக்கென்று பித்தளைத் திருகாணி போட்டுத் தனியாகப் பியானோ செய்து அனுப்பினார்கள். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டது என்றால் அது நல்ல செய்தி. ஆனால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் ஏ.சி. போடுவது. ஆறு நாள் உப்பிய மரம் ஏழாம் நாள் சட்டென்று உலர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் நிலையான புழுக்கத்தைவிடக் கேடு. உள்ளே பழையபடி குண்டு பல்பு ஒன்றை எரியவிடும் பழக்கமும் உண்டு. அதன் நோக்கம் சரியானது. ஆனால் ஈரத்தை அளந்து தானே நின்றுகொள்ளும் ஹீட்டர் இப்போது கிடைக்கும்போது, ஃபெல்ட்டுக்கும் காய்ந்த மரத்துக்கும் நடுவே கவனிப்பாரற்று எரியும் பல்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பியானோ நிற்கும் இடத்தைச் சரிசெய்யாமல் பியானோவைச் சரிசெய்வது, ஒழுகும் கூரையின் கீழ் சுவருக்கு வண்ணம் அடிப்பது போன்றது. வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா, சன்னல் வெயில் விழுகிறதா, மழைச்சாரல் அடிக்கிறதா என்று பாருங்கள். தள்ளி வைக்கச் செலவே இல்லை.

இங்கே ஜெர்மன் பியானோக்காரரின் மறுப்பு வரும். பெக்ஸ்டைன், பிளூத்னர், ஸ்டைன்வே மூன்றும் 1853 என்ற ஒரே ஆண்டில் தொடங்கிய நிறுவனங்கள். மூன்றும் பெயருக்குத் தகுந்த கருவிகளைச் செய்தவை. அதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் பெயர் கட்டையைக் காப்பாற்றாது. அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் வேறு தொழிற்சாலையில் செய்த கருவிக்குத் தம் பெயரை எழுதி விற்றதும் உண்டு. மூடியில் உள்ள எழுத்தைவிட, சட்டத்தில் பொறித்த வரிசை எண் அதிகம் பேசும். பெரிய பெயரும் நல்ல கட்டையும் சேர்ந்திருந்தால் அது பொக்கிஷம், தயங்காமல் செலவிடுங்கள். பெரிய பெயர் கொண்ட உடைந்த கட்டை, உடைந்த கட்டைதான். பழைய வீணை போலப் பழைய பியானோவும் நாளாக நாளாக இனிக்கும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்து வரும். வீணையின் குடத்தின் மேல் டன் கணக்கில் பாரம் கிடையாது. அதை வைத்துப் பியானோவை மதிப்பிடக் கூடாது.

இன்னொரு மறுப்பு கனமானது. இவை வரலாற்றுப் பொருள்கள், கட்டை போனாலும் காப்பாற்ற வேண்டாமா? வேண்டும். ஆனால் காப்பாற்றுவது வேறு, வாசிக்கவைப்பது வேறு. பியானோவைக் கண்டுபிடித்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்தவற்றில் இன்று மூன்றே எஞ்சியுள்ளன: 1720இல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், 1722இல் செய்தது ரோமிலும், 1726இல் செய்தது லைப்சிக்கிலும் இருக்கின்றன. இந்த மூன்றில் வாசிக்கக்கூடியது நியூயார்க்கில் இருப்பதுதான். அதற்காக அது கொடுத்த விலை பெரிது. பின்வந்தவர்கள் அதைப் பலவாறு மாற்றினார்கள். 1938இல் சவுண்ட்போர்டே புதிதாக மாற்றப்பட்டது. இன்று அதில் எழும் ஒலி கிறிஸ்தோஃபோரியின் காதில் விழுந்த ஒலிதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. புழு அரித்து ஊமையாய் இருக்கும் ரோம் பியானோ ஆராய்ச்சியாளரிடம் பொய் சொல்வதில்லை. நமக்கும் இதில் அனுபவம் உண்டு. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு முறையால் கோயில் சிற்பங்களின் மூக்கும் முழியும் தேய்ந்ததையும், சுண்ணாம்புக்கு அடியில் சுவரோவியங்கள் மறைந்ததையும் கண்டிருக்கிறோம். அவற்றைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழையதன் ஓசையைக் கேட்கும் ஆசைக்கு வேறு வழி உண்டு. இசையமைப்பாளர் சொப்பினுக்கு இளமையில் பழக்கமான வார்சா தயாரிப்பாளர் புக்ஹோல்ட்ஸின் பியானோவைக் கேட்க விரும்பியவர்கள், கருவி செய்பவரான பால் மெக்நல்டியிடம் சொல்லி அதே முறையில் புதிதாக ஒன்றைச் செய்யவைத்தார்கள்; அது 2018இல் மேடையேறியது. ஆகவே உங்களிடம் உண்மையிலேயே அரிய கருவி இருந்தால், ஈரம், பூச்சி, வெயில் மூன்றிலிருந்தும் காத்து, தந்திகளைச் சற்றுத் தளர்த்திவைத்து, அப்படியே விட்டுவிடுவதே மரியாதை. எல்லாப் பழைய பியானோவும் அரியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் செய்யப்பட்ட அப்ரைட்களில் ஒன்று நூறு வயதைத் தொட்டதால் மட்டும் ஆவணமாகிவிடாது.

நினைவுக்குக் கொடுத்த குடும்பத்தாரின் மனம் நோகுமே என்பீர்கள். நோகும்தான். அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் கொடுத்தது மரமும் இரும்பும் அல்ல, ஆராதனைக்கு ஓர் இசை. பெயர் பொறித்த பித்தளைத் தகட்டையும் முன்மூடியையும் எடுத்து ஆலயத்தில் வைக்கலாம், அடுத்து வாங்கும் கருவி அதே பெயரில் நிற்கலாம். வாசிக்க முடியாத பியானோவுக்குத் துணி போர்த்தி வைத்திருப்பது அந்த நினைவுக்குச் செய்யும் சிறப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

டிஜிட்டல் பியானோ வாங்கிவிட்டால் இத்தனை தலைவலியும் இல்லையே என்பது நேர்மையான கேள்வி. கட்டை போன அப்ரைட்டுக்கும், பாரமான கீகள் கொண்ட நல்ல டிஜிட்டலுக்கும் இடையே என்றால், பிள்ளைகளுக்கு டிஜிட்டலைக் கொடுங்கள். சுருதி பிசகிய கருவியில் தினமும் பழகும் குழந்தையின் காது பிசகைச் சரி என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் கட்டை நன்றாக இருக்கும் பியானோவைத் தள்ளிவிட்டு டிஜிட்டல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எலக்ட்ரானிக் பலகை கெட்டால் சில ஆண்டுகளிலேயே உதிரி பாகம் கிடைக்காமல் போகும். நூறு ஆண்டுக்கு முந்தைய பியானோவுக்குத் தந்தியும் ஃபெல்ட்டும் இன்றும் கிடைக்கின்றன. விரல் அழுத்தத்துக்கு மரமே அதிர்ந்து பதில் சொல்வதை ஒரு மாணவர் எங்கேனும் ஒரு முறை உணர வேண்டும். பல ஊர்களில் அதற்கு இருக்கும் ஒரே இடம் உங்கள் அரங்கம்தான்.

யாரை நம்பிச் செய்வது? வேலை செய்யப்போகிறவரிடமே நோயறியச் சொல்லாதீர்கள். முதலில் ஒருவரைப் பரிசோதனைக்கு மட்டும் கூலி கொடுத்து அழையுங்கள். சட்டம், பின் பிளாக், சவுண்ட்போர்டு, பிரிட்ஜ் நான்கையும் பற்றி அவர் எழுத்தில் தரட்டும், படமும் எடுத்துத் தரட்டும். எத்தனை முளைகள் தளர்வு, இப்போது சுருதி எங்கே நிற்கிறது, கரையான் தொட்டிருக்கிறதா என்பதும் அதில் இருக்க வேண்டும். டாம்பர்கள் ஹேமருக்கு மேலே இருந்து, முன்னால் கூண்டு போலக் கம்பிகள் நிறைந்த பழைய ஆங்கில அமைப்பா என்றும் கேளுங்கள். அந்த வகை நாதத்தைச் சரியாக அடக்குவதில்லை, சுருதி சேர்ப்பவரின் கைக்கும் இடைஞ்சல். அதில் பெரிய தொகை இறக்க இருமுறை யோசியுங்கள்.

அறிக்கை நன்றாக வந்தாலும் உடனே முழு வேலையில் இறங்காமல், ஓர் ஆண்டு சோதித்துப் பார்க்கச் சொல்வேன். சுத்தம் செய்து, பூச்சியை ஒழித்து, இடத்தை மாற்றி, தவணை தவணையாகச் சுருதி ஏற்றி, ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கடக்க விடுங்கள். மழை முடிந்து பார்க்கும்போது முளைகள் பிடித்து நின்றால் கட்டை தேறிவிட்டது. அதன் பிறகு தந்தி, ஹேமர், ஆக்ஷன் எனப்படும் விசையமைப்பு என்று செலவிடலாம். செம்புக் கம்பி சுற்றிய மந்தரத் தந்திகளிலிருந்து தொடங்கினால் மாற்றம் உடனே கேட்கும். பாலிஷ் எல்லாவற்றுக்கும் கடைசி. கழற்றிய பாகங்களை எறியாமல் பெட்டியில் பெயரெழுதி வையுங்கள். செய்த வேலையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி உள்ளேயே வையுங்கள். பழைய மர மூட்டுகளை வெந்நீரும் சூடும் கொண்டு பிரிக்கலாம், ஏனென்றால் அவற்றை ஒட்டியிருப்பது வச்சிரப் பசை. அதன் மேல் இன்றைய வெள்ளைப் பசையைப் பூசினால் அடுத்து வரும் கைவினைஞருக்கு வழி அடைபடும். இறுகிய கீக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள். அந்த எண்ணெய் பின் பிளாக்கைத் தொட்டால் உராய்வு போயிற்று, அதோடு சுருதியும் போயிற்று. கீகளில் தந்தம் ஒட்டியிருந்தால் இருப்பதைப் பிடுங்க வேண்டாம், உதிர்ந்த இடத்துக்கு பிளாஸ்டிக் போதும். தந்த வணிகம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆகவே அப்படிப்பட்ட பியானோவை விற்கவோ வேறு மாநிலத்துக்கு அனுப்பவோ எண்ணினால் முதலில் வனத்துறையைக் கேளுங்கள்.

தேறாத பியானோவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதைப் பழைய இரும்புக்கு எடை போட அவசரப்படாதீர்கள், மேடையிலும் நிறுத்தாதீர்கள். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அப்ரைட்டுக்குப் பாரத்தின் பெரும்பகுதி பின்பக்கம் மேலே இருக்கிறது. சிறு சக்கரத்தில் தள்ளும்போது மல்லாந்து விழக்கூடியது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது நிற்கக் கூடாது. இந்தத் தொழிலைக் கற்க வரும் இளைஞர்களுக்குக் கைபழகக் கருவி கிடைப்பதில்லை. நல்ல பியானோவில் யாரும் அவர்களைத் தொடவிட மாட்டார்கள். உங்கள் தேறாத பியானோவை உங்களுக்குத் தெரிந்த டியூனரிடம் கொடுத்து, அதில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். அதன் ஹேமரும் ஸ்பிரிங்கும் வேறொரு பியானோவுக்குப் போகட்டும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். பியானோவின் துணியை எடுங்கள், முழங்காலுக்கு எதிரே உள்ள கீழ்ப் பலகையைக் கழற்றுங்கள், குழுவில் எல்லோரும் ஒரு டார்ச் விளக்கோடு குனிந்து உள்ளே பாருங்கள்.

அன்புடன்,
பழைய பியானோக்கள் மேல் அக்கறை கொண்ட ஒருவர்